தண்ணீர் இல்லாத நிறைகுடம்

மிச்சம்
லண்டன், 3.8.1992

அக்காவுக்கு,

நேற்று நான் பேசி முடிக்கும் முன்பே போனை வைத்துவிட்டீர்கள். திரும்ப மூன்று தரம் அடித்தேன், எடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். சுகம் விசாரிக்கிற மனநிலை இரண்டு பக்கமும் இல்லை, அதை விடுவோம்.

கிரிஜாவின் கலியாணத்துக்கு இன்னும் ஐந்து கிழமைகூட இல்லை. செப்டம்பர் ஆறாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. மணவறைக்கு வெள்ளைப் பூவும் ரோசாவும் வேண்டாமாம். துரு நிறம், செம்பு நிறம், கருஞ்சிவப்பு, இவைதான் வேண்டுமாம். இலை உதிர்கிற காலத்து நிறங்கள் என்று ஆங்கிலத்தில் விளக்கம் வேறு. கலியாண வீட்டில் யாராவது கருஞ்சிவப்புப் பூ வைப்பார்களா என்று கேட்டேன். பெரியம்மாவின் தோட்டத்தில் அந்த நேரம் அதுதான் பூக்கும் என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. உங்கள் தோட்டம் என்றால் அவளுக்கு மறுபேச்சு இல்லை.

பூவைத் தாருங்கள். டாலியா குறைந்தது நூற்றிருபது வேண்டும், மற்றச் சின்னப் பூக்களும் இலைக் கொப்புகளும் வேண்டும். ஆனால் போனில் சொல்ல வந்ததை இப்போது எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். மணவறையிலும் நிறைகுடத்திலும் நீங்கள் கை வைக்க ஏலாது. மாப்பிள்ளையின் தாய் நீலவேணி மலேசியாக்காரர், ஆசாரம் பார்க்கிறவர். அத்தான் போய் இரண்டு வருஷம்தான் ஆகிறது என்று அவருக்குத் தெரியும். சுமங்கலிகள்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் என்ன செய்ய? நீங்கள் மண்டபத்துக்கு வந்து பின்வரிசையில் இருங்கள், தாலி கட்டி முடிந்த பிறகு முன்னுக்கு வந்து அட்சதை போடலாம்.

கிரிஜாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். சொன்னால் மாமியாரோடு முதல் நாளே சண்டையாகிவிடும். உங்களுக்கே மனம் ஒப்பவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

வசந்தமலர்

~

ஃபாரஸ்ட் கேட்
லண்டன், 7.8.1992

வசந்தா,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், பிழையாக வாசித்துவிட்டேனோ என்று. பிழையில்லை. கூடப்பிறந்த தங்கை தன் கையெழுத்தில்தான் எழுதியிருக்கிறாள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஓகஸ்டில், கொழும்பு எரிந்த கையோடு, பதினாலு வயதுப் பிள்ளையை யாரோ ஒருவரோடு பிளேனில் ஏற்றி என்னிடம் அனுப்பினாய். அப்போது என் கை நல்ல கை. அவளுக்குக் கொப்பளிப்பான் வந்தபோது வேப்பிலைக்கு நான் எங்கே போவேன், பஞ்சில் மருந்து தொட்டு உடம்பு முழுக்கத் தடவியது இந்தக் கைதான். அவள் பெரியபிள்ளையானது இந்த வீட்டில். தலைக்குத் தண்ணீர் வார்த்ததும் இந்தக் கைதான். இன்றைக்கு அதே கை மணவறைக் கம்பத்தில் பட்டால் குற்றமாம். இவர் செத்ததற்கு நானா காரணம்? ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் பக்கத்தில் இருந்தேன், அதுதான் நான் செய்தது.

கிரிஜா முந்தாநாள் எனக்குப் போன் எடுத்தாள். நீ சொல்லித் தந்த பாடத்தை ஒப்புவித்தேன். "நான் வரேல்லைப் பிள்ளை, என்ரை மனதுக்குச் சரிவரேல்லை" என்றேன். "எனக்காக ஒருநாள் வரேலாதோ பெரியம்மா? நீங்களும் இந்த மூடத்தனத்தை நம்புறியளோ?" என்றாள். அதோடு போனை வைத்துவிட்டாள். ஒன்பது வருஷத்தில் அவள் என்னிடம் அப்படி வைத்தது இதுதான் முதல் தரம்.

அவள் போகிற வீட்டில் நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன், உனக்காக இல்லை. பூத் தருவேன், அதுவும் அவளுக்காகத்தான். பின்வரிசையில் வந்து இருக்க மாட்டேன். வளர்த்த பிள்ளையின் கலியாணத்தைத் தூண் மறைவில் இருந்து எட்டிப் பார்க்க என்னால் ஏலாது.

கமலாம்பிகை

~

ஃபாரஸ்ட் கேட்
5.9.1992, காலை

வசந்தா,

ஆறு வாளியில் பூ வருகிறது. வானுக்குள் சரியாமல் வைக்கும்படி உன் புருஷனிடம் சொல்லியிருக்கிறேன். அவர் பாவம், என் முகத்தைப் பார்க்காமலே வாளிகளைத் தூக்கினார்.

இது விதவை நட்டு, விதவை தண்ணீர் விட்டு, விதவை வெட்டிய பூ என்பதைச் சம்பந்தியம்மாவுக்குச் சொல்லு. வேண்டாம் என்றால் குப்பையில் கொட்டட்டும். வெட்டுகிற கையில் குற்றமில்லை, அதை எடுத்து வைக்கிற கையில்தான் குற்றம் என்று எந்தச் சாத்திரத்தில் எழுதியிருக்கிறது என்றும் கேட்டுச் சொல்லு. நீயும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டியிருக்கிறாய். அவளை நீ பெற்றாய், வளர்த்தது நான். நீ வளர்க்காதது உன் குற்றமில்லை, நாடு அப்படி இருந்தது. ஆனால் நான் வளர்க்கவேயில்லை என்பதுபோல் நடக்காதே.

இனிப் பூவைப் பற்றி. இதைக் கவனமாக வாசி. பச்சை ஃபோம் கட்டி வேண்டாம். கடையில் செங்கல் அளவில் விற்பார்களே, தண்ணீரில் ஊறவைத்துப் பூவைக் குத்துகிற கட்டி, அதைத்தான் சொல்கிறேன். ரோசாவுக்கு அது சரிவரும். டாலியாத் தண்டு உள்ளே வெறும் குழல். குத்தினவுடன் ஃபோம் தூள் குழலை அடைத்துவிடும், பிறகு தண்ணீர் ஏறாது, விடியும்போது எல்லாம் தலை தொங்கி நிற்கும். மாலைநேரப் பூ அலங்கார வகுப்பில் ஐந்து வருஷம் படித்ததில் முதல் வருஷமே நான் இந்தப் பிழையைச் செய்து பார்த்துவிட்டேன்.

கடைசி வாளிக்குள் கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பிவலையைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் கையால் தளர்வாகக் கசக்கி, மணவறைக்குப் பூ வைக்கிற வெண்கலச் சட்டிக்குள் இறக்கு. அசையாமல் இருக்க வாய்க்குக் குறுக்கே டேப் ஒட்டு. விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் விடு. முதலில் செம்பு நிற இலைக் கொப்புகளைக் குறுக்கும் நெடுக்குமாக வை, அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கருஞ்சிவப்பு டாலியா கீழே, உள்ளுக்குள் இருக்கட்டும். துரு நிறம் அதற்கு மேலே. மஞ்சளும் மண்ணிறமும் கலந்த சின்னப் பூக்களும் ரோசாக் காய்களும் வெளி ஓரத்துக்கு. அப்போதுதான் இருட்டான நிறம் இழவு வீடு போல் தெரியாது, உள்ளே நெருப்பு இருப்பதுபோல் தெரியும். ஒரே உயரத்தில் வரிசையாக நிறுத்தாதே. தண்ணீருக்குள் ஒரு இலைகூட இருக்கக் கூடாது. காலையில் திரும்பத் தண்ணீர் விடு.

வாசல் நிறைகுடத்தில் பூ வேலை ஒன்றும் வேண்டாம். அதற்குத் தண்ணீரும் மாவிலையும் தேங்காயும் போதும்.

அக்கா

~

மிச்சம்
9.9.1992

அக்கா,

உங்கள் ஆசை நிறைவேறிவிட்டது. சனிக்கிழமை பின்னேரம் வைத்த பூ, ஞாயிறு காலை தாலி கட்டும் நேரம் மணவறையின் இரண்டு பக்கமும் தலை தொங்கி நின்றது. வீடியோக்காரர் பூ படத்துக்குள் வராத மாதிரி எடுக்கப் பார்த்துத் தோற்றுப்போனார். பத்மநாதன் மாஸ்டரின் மனைவி என் காதுக்குள் வந்து, "என்ன வசந்தா, பழைய பூவோ?" என்று கேட்டார். முந்நூறு பேருக்கு முன்னால் நான் நின்ற நிலையை எழுத எனக்கு வார்த்தை இல்லை.

நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. பக்கத்து வீட்டு அஞ்சலீனா பூக்கடையில் வேலை செய்கிறவள், புதுக் கட்டிகள் இருபது கொண்டு வந்தாள். நாலு பேர் இருந்து நாலு மணித்தியாலம் ஒழுங்காகக் குத்தினோம். ஆகவே பிழை பூவில்தான். வயிற்றெரிச்சலில் வாடின பூவாகப் பார்த்து வெட்டினீர்களா? உங்களை வைக்க விடவில்லை என்றால் மற்றவர்கள் வைப்பதும் நிற்கக் கூடாது என்று நினைத்தீர்களா?

கிரிஜா மணவறையில் இருந்தபடி அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். படங்கள் வந்துவிட்டன. ஒன்றில்கூட ஒழுங்காகச் சிரிக்கவில்லை.

உங்கள் கடிதத்தை எடுத்துக்காட்டிச் சண்டை பிடிக்க வேண்டாம். நீ பெற்றாய், நான் வளர்த்தேன் என்று எழுதியிருந்த இடத்தோடு நிறுத்தினேன். மற்றப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன். கலியாணத்துக்கு முதல் நாள் ஒரு தாய்க்கு எழுதுகிற கதையா அது?

வசந்தமலர்

~

ஃபாரஸ்ட் கேட்
15.9.1992

வசந்தா,

நீ கிழித்துப் போட்ட பக்கங்களில்தான் ஃபோம் வேண்டாம் என்று எழுதியிருந்தேன். ஏன் வேண்டாம் என்றும் எழுதியிருந்தேன். கம்பிவலை வாளிக்குள் கிடந்ததே, அதை என்னவென்று நினைத்தாய்? நான் என்ன, கலியாண வீட்டில் கோழி வளர்க்கவா அனுப்பினேன்? வாடினது பூவில்லை, குழல் அடைபட்டுத் தாகத்தில் செத்தது. அந்தக் கட்டிகளைத் தண்ணீருக்குள் கையால் அமுக்கித்தானே ஊறவைத்திருப்பாய்? அது தானாக மூழ்க வேண்டும். அமுக்கினால் நடுப்பகுதி காய்ந்தே இருக்கும். விடியப்புறம் எழும்பி ஒவ்வொரு தண்டாகப் பார்த்து வெட்டினேன். வாடின பூ என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

இது போகட்டும். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கதவை யார் தட்டினது தெரியுமா? உன் சம்பந்தியம்மா நீலவேணி. குட்மேய்ஸிலிருந்து பஸ் ஏறி, பலகாரப் பெட்டியோடு வந்திருந்தார். பிள்ளையை வளர்த்தவரைப் பார்க்காமல் இருப்பது மரியாதையில்லை என்று வந்தாராம். நான் முகம் கொடுக்காமல்தான் தேத்தண்ணீர் வைத்தேன். கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க வரலையேன்னு எனக்கு ரொம்ப வருத்தங்க. நானே வந்து கூப்பிட்டிருப்பேன். உங்க தங்கச்சிதான், நீங்க ஏதோ விரதத்துல இருக்கீங்க, தொந்தரவு பண்ண வேணாம்னாங்க."

சுமங்கலி, ஆசாரம் என்று அந்த மனுஷி வாயே திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தார். இதெல்லாம் பார்க்க எனக்கு எங்கேங்க நேரம் என்று வேறு ஏதோ பேச்சில் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

உன் நிறைகுடத்தின் கதையையும் சொன்னார். பூ நிற்க வேண்டும் என்று குடத்துக்குள்ளும் பச்சைக் கட்டியை அடைத்து, மேலே தேங்காயை வைத்திருக்கிறாய். ஐயர் தேங்காயைத் தூக்கிப் பார்த்தபோது உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லையாம். அவசரமாகக் கட்டியைத் தோண்டி எடுத்துக் குழாய்த் தண்ணீர் நிரப்பினார்களாம். நான் தொட்டால் குற்றம். தண்ணீர் இல்லாத குடத்தை நிறைகுடம் என்று வாசலில் வைத்தால் குற்றமில்லை. நாலு சுமங்கலிகள் சேர்ந்து செய்த வேலை அல்லவா.

அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன் மகள் அந்த வீட்டில் தலை நிமிர ஏலாது. ஆனால் நீ எனக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு யாருடையது? ஏன் சொன்னாய்?

கமலாம்பிகை

~

மிச்சம்
20.9.1992

அக்கா,

ஓம். நான்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதினேன். உங்களுக்கு ஒரு கதை, கிரிஜாவுக்கு ஒரு கதை, சம்பந்திக்கு ஒரு கதை. கேட்டுவிட்டீர்கள் அல்லவா, முழுவதையும் கேளுங்கள்.

நாலு வருஷம் நான் ஊரில் பதுங்குகுழியில் இருந்துகொண்டு அவளுக்கு என்ன உயரம் வந்திருக்கும் என்று சுவரில் கை வைத்துப் பார்த்திருக்கிறேன். எண்பத்தேழில் ஹீத்ரோவில் வந்து இறங்கினபோது அவளுக்குப் பதினெட்டு வயது. என்னைப் பார்த்து, பயணம் வசதியாக இருந்ததா அம்மா என்று விருந்தாளியைக் கேட்பதுபோல் கேட்டாள். அதற்குப் பிறகும் எனக்கு அவளிடம் அந்த விருந்தாளி மரியாதைதான். படிப்பு, வேலை, மாப்பிள்ளை எல்லாம் முதலில் உங்களுக்குத்தான் தெரிந்தது. கூறைச் சேலை எடுக்கக் கடைக்குப் போனோம், பெரியம்மாவையும் கேட்போம் என்றாள். பூ எது என்றேன், பெரியம்மாவின் தோட்டம் என்றாள்.

நீங்கள் வந்து மணவறையை அலங்கரித்தால் சனம் உங்களிடம்தான் பேசும். வளர்த்தவர் இவர்தான் என்று உங்களைத்தான் காட்டும். ஒருநாள், அந்த ஒரே ஒரு நாள், அவளுக்குத் தாய் நான் மட்டும்தான் என்று நிற்க ஆசைப்பட்டேன். அத்தான் இறந்தது எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாட்டாக அகப்பட்டது. அதற்கு வெட்கப்படுகிறேன். ஆசைப்பட்டதற்கு வெட்கப்படவில்லை. நீங்கள் என் இடத்தில் இருந்து பாருங்கள்.

வசந்தமலர்

~

ஃபாரஸ்ட் கேட்
24.9.1992

வசந்தா,

சாட்டு என்று எழுதியிருக்கிறாய். என் புருஷனின் சாவு உனக்குச் சாட்டு. அந்தச் சொல்லை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், நீயும் மறக்காதே.

உன் இடத்தில் இருந்து பார்க்கச் சொல்கிறாய். நீ என் இடத்தில் ஒருநாளாவது இருந்து பார்த்தாயா? எனக்கு மகளாக இரு என்று நான் அவளை ஒருபோதும் கேட்டதில்லை. கடிதம் வராத மாதங்களில், அம்மா வருவா, அம்மா கட்டாயம் வருவா என்று சொல்லிச் சொல்லித்தான் சாப்பிட வைத்தேன். அம்மா என்று கூப்பிட அவள் ஒரு தரம் வாயெடுத்தாள். நான்தான், அப்படிக் கூப்பிடாதே, உனக்கு அம்மா இருக்கிறா என்று தடுத்தேன். எனக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். அந்தச் சொல்லை வேண்டாம் என்று சொல்ல எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசி. நீ வந்த கிழமை அவளுடைய உடுப்புகளை மடித்து உன்னோடு அனுப்பிவிட்டு, இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை உனக்குச் சொல்லிக் காட்ட வேண்டிய நாள் வரும் என்று நான் நினைக்கவில்லை.

நீ அன்றைக்கே, அக்கா, அந்த ஒருநாள் எனக்கு விட்டுத் தாருங்கள் என்று கேட்டிருந்தால் தந்திருப்பேன். அழுதுகொண்டாவது தந்திருப்பேன். நீ கேட்கவில்லை. என் கை ஆகாத கை என்றாய். அதை நானும் ஒரு மாதம் நம்பினேனடி. கோயிலில் விபூதி எடுக்கக்கூட யோசித்தேன்.

நேற்று எனக்கும் கலியாண நன்றிக் கார்ட் வந்தது. உறையில் கிரிஜாவின் கையெழுத்து. மிசிஸ் தில்லையம்பலம் என்று இவருடைய பெயரைப் போட்டு எழுதியிருக்கிறாள். உள்ளே அச்சடித்த இரண்டு வரிக்குக் கீழே அவளுடைய பெயர் மட்டும் இருந்தது. பெரியம்மா என்ற சொல் எங்கேயும் இல்லை. தனக்காக ஒருநாள் வராத கிழவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு உன் மன்னிப்பு வேண்டாம். உன் வாயால் அவளுக்கு உண்மையைச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் அது கோள் ஆகிவிடும், பிறகு உன்னை அவள் திரும்பியே பார்க்க மாட்டாள். சொல்லும்வரை எனக்கு எழுதாதே, போனும் எடுக்காதே.

கமலாம்பிகை

~

மிச்சம்
4.10.1992

அக்கா,

இந்தக் கடிதத்தைக் கிரிஜாவே கொண்டுவருகிறாள். தபாலில் போட நேரமில்லை.

மத்தியானம் சாப்பிட வந்திருந்தாள். மாப்பிள்ளை வரவில்லை, அது வசதியாகப் போயிற்று. எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று கதைகளையும் சொன்னேன், ஏன் சொன்னேன் என்பதையும் சொன்னேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதியவற்றையும் சொன்னேன், அவள் அம்மா என்று கூப்பிட வந்ததையும்கூட. நீங்கள் சொல்லச் சொன்னதால் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். அவள் கலியாணப் பட ஆல்பத்தைத் திறக்காமலே மேசையில் வைத்துவிட்டுப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க ஏலவில்லை.

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். ஒன்றுதான் கேட்டாள். "அண்டைக்குப் போனிலை பெரியம்மா அப்பிடிச் சொன்னது எனக்காகவோ?" ஓம் என்றேன். சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போய்க் காலில் சப்பாத்தைப் போட்டாள்.

ஐந்து நிமிஷம் பொறு, கடிதம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வாசலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். உங்களிடம் வந்தால் இன்றைக்குத் திரும்ப மாட்டாள் என்று தெரியும். எனக்கு இன்னும் உங்கள்மேல் கோபம்தான். என்மேல் அதைவிடக் கோபம்.

வழியில் இல்லாவிட்டாலும் உங்களைக் கண்டவுடன் அவள் அழுவாள் என்று நினைக்கிறேன். அந்த நேரம் அவளை என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது, அக்கா. வந்து ஐந்து வருஷத்தில் அவள் எனக்கு முன்னால் ஒருநாளும் அழுததில்லை.

வசந்தா